சூரைச் செடியடியில் சுட்ட ரொட்டி

(கொஸ்லந்தயில் தாய்மாருக்கான தியான நாளில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



‘தாய்மையும் விசுவாசமும்’ என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். பெரிய தலைப்பு. அதில் ஒரு மூலையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்: களைப்பு. மனசு ஓய்ந்துபோகிற களைப்பைச் சொல்கிறேன். பிள்ளை ‘அம்மா’ என்று கூப்பிடும்போது பதில் சொல்ல நாக்கு எழாத களைப்பு. சோற்றை வடித்து இறக்கி வைத்துவிட்டு, எதற்கென்று தெரியாமல் அடுப்பு முன்னாலேயே உட்கார்ந்திருக்கிற களைப்பு. பிள்ளைகள் மேல் இருந்த பாசம் வற்றிவிட்டதோ என்று நமக்கே பயம் வரும். அதை யாரிடம் சொல்வது? மாமியாரிடம் சொல்ல முடியாது. புருஷனிடம் சொன்னால், ‘எல்லாப் பொம்பளைகளும்தானே பிள்ளை வளர்க்கிறார்கள்’ என்பார். பாவசங்கீர்த்தனத்தில்கூடச் சொல்லத் தெரியாது. இது பாவமா வியாதியா என்றே விளங்காதபோது என்னவென்று சொல்வது?

இப்படி ஒரு தாய் வந்து நின்றால் நாம் என்ன சொல்கிறோம்? ‘செபம் பண்ணு, எல்லாம் சரியாகும்.’ கொஞ்சம் பக்தி கூடியவர்கள், ‘உனக்கு விசுவாசம் போதாது’ என்கிறார்கள். நல்ல மனசோடுதான் சொல்கிறார்கள், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அந்தச் சொல் அவள் தலையில் ஏறும்போது ஏற்கெனவே நிறைந்திருக்கிற கூடையில் இன்னும் இரண்டு கிலோவைத் திணித்த மாதிரி ஆகிவிடுகிறது. களைப்போடு சேர்ந்து குற்ற உணர்வும் வந்து உட்கார்ந்துகொள்கிறது. இன்றைக்கு நான் பேச நினைத்தது, நம்முடைய விவிலியம் அப்படிச் சொல்லவில்லை என்பதைத்தான்.

முதலில் இந்தக் களைப்பு எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். நான் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவள். என் அம்மா கொழுந்து பறித்தவர். விடியற்காலை நான்கு மணிக்கு அடுப்புப் பற்றவைக்கிற சத்தத்தில்தான் எனக்கு விழிப்பு வரும். ரொட்டி தட்டி, சம்பல் அரைத்து, பெரிய பிள்ளைகளுக்குத் தலை சீவி, சின்னதைத் தூக்கிக்கொண்டு போய்ப் பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டுப் பிரட்டுக்கு ஓடுவார். அங்கே பேர் கொடுத்து மலைக்கு ஏறினால், இடுப்பில் படங்கைச் சுற்றிக்கொண்டு, அட்டைக்கடியையும் பனியையும் மழையையும் பார்க்காமல் பறிக்க வேண்டும். பகல் நிறுவைக்குக் கொழுந்தைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, வந்து பிள்ளைக்குச் சோறு ஊட்டிவிட்டு, மறுபடி மலை. கிலோ குறைந்தால் அரைப்பேர், பாதிச் சம்பளம்தான். மாலையில் வீடு வந்தால் விறகு, தண்ணீர், சமையல், துணி. ஆண்களுக்குச் சாயந்தரத்தோடு வேலை முடியும். பெண்களுக்கு அந்த நேரத்தில்தான் இரண்டாவது பிரட்டுத் தொடங்கும்.

அது அந்தக் காலம் என்று நீங்கள் சொல்ல முடியாது. 2021இல் ஆயிரம் ரூபாய் நாட்சம்பளம் வந்தபோது சந்தோஷப்பட்டோம். ஆனால் பல தோட்டங்களில் பறிக்க வேண்டிய கிலோவும் கூடவே ஏறியது. 2024இல் சம்பளம் 1,350 ரூபாய் ஆனது. கடைக்குப் போய்ப் பால்மாப் பக்கெட்டின் விலையைப் பார்த்தவர்களுக்கு அந்தக் காசு எத்தனை நாளைக்கு வரும் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதனால்தான் நம் பெண்கள் கொழும்புக்கு வீட்டு வேலைக்குப் போகிறார்கள், குவைத்துக்கும் சவூதிக்கும் போகிறார்கள். ஊர் பெயர் தெரியாத ஒரு வீட்டில், யாருடைய பிள்ளைக்கோ சோறு ஊட்டிக்கொண்டே, தன் பிள்ளை சாப்பிட்டதா என்று தொலைபேசியில் கேட்கிற தாயும் களைத்த தாய்தான். இங்கே அந்தப் பிள்ளைகளை வளர்க்கிற பாட்டிமாரும் களைத்த தாய்மார்தான். அறுபது வயதுக்கு மேல் இரண்டாந்தரம் தாயாக வேண்டியிருக்கிறதே, அந்தக் களைப்பைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை.

இனி விவிலியத்துக்கு வருகிறேன். களைப்பைப் பற்றி அதில் இருக்கிற மிகப் பெரிய கதை ஒரு தாயின் கதை இல்லை, ஓர் இறைவாக்கினரின் கதை. அரசர்கள் முதல் நூல், 19ஆம் அதிகாரம். எலியா கார்மேல் மலையில் பெரிய வெற்றி கண்டவர். அதைக் கேள்விப்பட்ட ஈசபேல் அரசி அவரைக் கொல்லுவேன் என்று ஆள் அனுப்புகிறாள். அவர் உயிருக்குப் பயந்து ஓடுகிறார். கூட வந்த பணியாளைப் பெயேர்செபாவில் விட்டுவிட்டு, பாலைநிலத்தில் ஒருநாள் வழி தனியாக நடந்து, ஒரு சூரைச் செடியின் அடியில் போய் விழுகிறார். விழுந்து என்ன கேட்கிறார்? தனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது, தன் உயிரை எடுத்துக்கொள்ளும்படி கேட்கிறார்.

ஓர் இறைவாக்கினர் சாக வேண்டும் என்று கேட்டதைத் திருநூல் மறைக்காமல் எழுதி வைத்திருக்கிறது. அதற்குக் கடவுள் என்ன செய்தார் என்பதை மெதுவாகப் படித்துப் பாருங்கள். கடிந்துகொள்ளவில்லை. ‘கார்மேல் மலையில் இவ்வளவு பெரிய அற்புதம் பார்த்தாயே, இன்றைக்கு இப்படிப் பேசலாமா’ என்று கேட்கவில்லை. செபம் பண்ணச் சொல்லவும் இல்லை. அவரைத் தூங்கவிட்டார். பிறகு ஒரு வானதூதர் வந்து தொட்டு எழுப்பி, சாப்பிடச் சொன்னார். கண் விழித்தால் தலைமாட்டில் தணலில் சுட்ட ஒரு ரொட்டி, ஒரு குவளைத் தண்ணீர். சாப்பிட்டார், குடித்தார், மறுபடி படுத்துத் தூங்கினார். அதற்கும் கோபம் இல்லை. இரண்டாந்தரமும் வானதூதர் வந்தார், இரண்டாந்தரமும் சாப்பாடு. வழி நீண்டது, உன்னால் தாங்க முடியாது என்று அந்த வானதூதரே ஒத்துக்கொள்கிறார். அதற்குப் பிறகு நாற்பது நாள் நடந்து, ஓரேபு மலைக்கு வந்து சேர்ந்த பிறகுதான் கடவுள் அவரோடு பேச ஆரம்பிக்கிறார். இங்கே என்ன செய்கிறாய் என்ற கேள்வியே அங்கேதான் வருகிறது. சாப்பாடும் தூக்கமும் முதலில், கேள்வி கடைசியில்.

தாய்மாரே, நான் பல வருஷம் இந்தப் பகுதியைப் படித்தும் அந்த ரொட்டியைக் கவனித்ததில்லை. அந்த மலையையும் அங்கே எலியா கேட்ட மெல்லிய ஒலியையும் பற்றிய மறையுரைகள் நிறையக் கேட்டிருக்கிறேன், ரொட்டியைப் பற்றி யாரும் சொல்லவில்லை. என் இரண்டாவது மகனுக்குச் சின்ன வயதில் வலிப்பு இருந்தது. ராத்திரியில் எப்போது வரும் என்று தெரியாமல் உட்கார்ந்தே தூங்கிப் பழகிவிட்டேன். செபமாலையைக் கையில் பிடித்திருப்பேன், சொல் வராது. ஒரு நாள் காலையில் பக்கத்து வீட்டு அக்கா வந்தார். மாரியம்மனைக் கும்பிடுகிறவர். என் முகத்தைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. பிள்ளையை என் மடியிலிருந்து எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டு, ‘நீ போய்ப் படு தங்கச்சி, நான் பார்த்துக்கிறேன்’ என்றார். எழுந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. அடுப்பில் ரசம் இருந்தது. பிற்பாடு ஒரு தவக்காலத்தில் அந்த அதிகாரத்தை மறுபடி படித்தபோதுதான் அந்த ரொட்டி என் கண்ணில் பட்டது. என் வீட்டுக்கு வானதூதர் வந்துபோனது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

ஓரேபு மலையில் நடந்ததையும் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும், கொஸ்லந்தயில் நின்றுகொண்டு அதைச் சொல்லாமல் போக முடியாது. எலியா முன்னால் பெருங்காற்று வருகிறது. மலைகளைப் பிளந்து பாறைகளை நொறுக்குகிற காற்று. பிறகு நிலநடுக்கம். பிறகு தீ. இவை எதிலும் ஆண்டவர் இல்லை என்று திருநூல் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகச் சொல்லுகிறது. இங்கே பக்கத்தில், மீரியபெத்தத் தோட்டத்தில், 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் மலை சரிந்து இறங்கியது. பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குப் போகிற நேரம், பெரியவர்கள் வேலைக்குப் புறப்படுகிற நேரம். லயங்களும் கோயிலும் மண்ணுக்கு அடியில் போயின. முப்பதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. பல பேருடைய உடல்கூடக் கிடைக்கவில்லை. பள்ளிக்கூடம் போயிருந்ததால் தப்பிய பிள்ளைகள் திரும்பி வந்தபோது வீடும் இல்லை, அப்பா அம்மாவும் இல்லை. அது தெய்வ தண்டனை என்று அப்போது சிலர் பேசினார்கள். எங்கள் பக்கத்திலும் பேசினார்கள். நான் உங்கள் முன்னால் உறுதியாகச் சொல்கிறேன்: பிள்ளையைப் பறிகொடுத்த தாயிடம் அப்படிச் சொல்வதற்கு விவிலியம் யாருக்கும் உரிமை கொடுக்கவில்லை. மலையைப் பிளந்ததில் ஆண்டவர் இல்லை.

மனிதர்களுடைய பங்கு இருந்தது. அந்த இடம் ஆபத்தானது, குடும்பங்களை அகற்ற வேண்டும் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. எச்சரிக்கை இருந்தது, போவதற்குக் காணி இல்லை. தப்பியவர்கள் கொஸ்லந்தயிலும் பூனாகலையிலும் பள்ளிக்கூடங்களில் கிடந்து, பிறகு மக்கல்தெனிய தேயிலைத் தொழிற்சாலையில் குடும்பத்துக்கு ஒரு மறைப்பு என்று இரண்டு வருஷம் கழித்து, 2016இல்தான் 75 வீடுகளுக்குக் குடியேறினார்கள். அந்த இரண்டு வருஷம் ஒரு தாய் எங்கே தனியாக அழுதிருப்பாள்? சாக்கும் பலகையும் வைத்து மறைத்த இடத்தில் அழுதால் பத்துக் குடும்பத்துக்குக் கேட்கும். அழுவதற்குக்கூட ஓர் அறை வேண்டும். அது இல்லாதவளுடைய களைப்பு வேறு விதமானது.

இந்த இடத்தில் நான் இரிஸ்பாவைக் கூப்பிட விரும்புகிறேன். நம்மில் பல பேர் அந்தப் பெயரைக் கேள்விப்பட்டிருக்க மாட்டோம். சாமுவேல் இரண்டாம் நூல், 21ஆம் அதிகாரம். சவுல் அரசர் செய்த ஒரு குற்றத்துக்காக, அவர் இறந்த பிறகு, அவருடைய வீட்டுப் பிள்ளைகள் ஏழு பேரைக் கொன்று மலையில் தொங்கவிட்டார்கள். அந்த ஏழு பேரில் இரண்டு பேர் இரிஸ்பா பெற்ற மகன்கள். அவள் ஒரு சாக்குத் துணியை எடுத்துக்கொண்டு போய்ப் பாறைமேல் விரித்து உட்கார்ந்தாள். அறுவடை தொடங்கின நாளிலிருந்து வானத்திலிருந்து மழை கொட்டுகிற வரைக்கும் அவள் அங்கேயே இருந்தாள். பகலில் பறவைகள் வராமல் விரட்டினாள், ராத்திரியில் காட்டு மிருகங்கள் கிட்ட வராமல் காத்தாள். தன் பிள்ளைகளோடு மற்ற ஐந்து பேருடைய உடல்களையும் சேர்த்தே காத்தாள்.

அவள் வாயிலிருந்து ஒரு சொல்கூடத் திருநூலில் இல்லை. செபித்தாள் என்றும் எழுதவில்லை. ஆனாலும் அந்தப் பாறைமேல் அவள் இருந்தது ஒரு செபம் என்று நான் நம்புகிறேன். அது அரசனின் காதுக்குப் போனது. தாவீது எழுந்து, சவுலுடைய எலும்புகளையும் யோனத்தானுடைய எலும்புகளையும் கொண்டுவந்து, தொங்கவிடப்பட்டவர்களின் எலும்புகளையும் சேர்த்து முறைப்படி அடக்கம் செய்யவைத்தார். அதற்குப் பிறகுதான் நாட்டுக்காகச் செய்யப்பட்ட மன்றாட்டைக் கடவுள் கேட்டார் என்று அந்த அதிகாரம் சொல்லுகிறது. ஒரு தாயின் துக்கம் மதிக்கப்படாத வரைக்கும் நாட்டின் செபமும் கேட்கப்படவில்லை. இதை நம் கோயில்களில் ஏன் உரக்கப் படிப்பதில்லை என்று எனக்கு ஆதங்கம் உண்டு. மீரியபெத்த மண்ணைப் பார்த்தபடி எத்தனை நாள் எத்தனை தாய்மார் உட்கார்ந்திருந்தார்கள்! அவர்களை எழுந்து போகச் சொன்னவர்கள் உண்டு. பக்கத்தில் போய் உட்கார்ந்தவர்களும் உண்டு.

அழுகையை நம் சனத்துக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 1948இல் மலையகத் தமிழரான நம் குடியுரிமையைப் பறித்தார்கள். 1964இல் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் வந்து 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென்று எழுதினார்கள். மகள் ஒரு நாட்டில், தாய் ஒரு நாட்டில் என்று குடும்பங்கள் பிரிந்தன. தலைமன்னாருக்குப் போன அந்த இரயிலை நம் பெரியவர்கள் ஒப்பாரிக் கோச்சி என்றுதான் சொன்னார்கள். ஒப்பாரி நமக்குப் புதிதில்லை. ஆனால் கோயிலுக்குள் நுழையும்போது அதைச் செருப்போடு சேர்த்து வெளியே கழற்றி வைத்துவிட வேண்டும் என்று எப்படியோ பழகிக்கொண்டோம். 150 திருப்பாடல்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புலம்பல்தான். எங்கே போய்விட்டீர், எத்தனை நாளைக்கு இப்படி என்று கடவுளை நேருக்கு நேர் கேட்கிற பாட்டுகள். 88ஆம் திருப்பாடலை இன்றைக்கு வீட்டுக்குப் போய் எடுத்துப் பாருங்கள். பெரும்பாலான புலம்பல் பாடல்கள் அழுது தொடங்கினாலும் கடைசியில் ஒரு நம்பிக்கைக்கு வந்து நிற்கும். இது அப்படி நிற்கவில்லை, இருட்டிலேயே முடிகிறது. அப்படி முடிகிற பாட்டையும் திருநூலுக்குள் வைத்திருக்கிறார்கள். நம்பிக்கையான வார்த்தை ஒன்றுகூட வாயில் வராத ராத்திரியிலும் நாம் செபித்துக்கொண்டுதான் இருக்கிறோம் என்பதற்கு எனக்கு இதைவிடப் பெரிய ஆதாரம் வேண்டாம்.

அன்னாவை உங்களுக்குத் தெரியும், சாமுவேலின் தாய். சீலோவில் ஆண்டவரின் இல்லத்தில் உதடு மட்டும் அசைய, சத்தம் வராமல் அழுதுகொண்டிருந்தாள். குரு ஏலி அவள் குடித்திருக்கிறாள் என்று நினைத்து அதட்டினார். கோயிலுக்குப் பொறுப்பாக இருப்பவர்களே ஒரு பெண்ணின் வேதனையைத் தப்பாகப் படிக்க முடியும் என்பதை விவிலியம் ஒளிக்கவில்லை. ஆனால் ஏலியிடம் ஒரு நல்ல குணம் இருந்தது. அவள் பதில் சொன்னதும் கேட்டார், தன் சொல்லை மாற்றிக்கொண்டு ஆசி கொடுத்து அனுப்பினார். அருட்தந்தை அவர்களே, உபதேசியார்மாரே, அன்பியத் தலைவிமாரே, உங்களிடம் இதைப் பணிவோடு சொல்கிறேன்.

ஆகார் என்ற அடிமைப் பெண்ணும் இருக்கிறாள். வேலை வாங்கின வீட்டிலிருந்து பிள்ளையோடு துரத்தப்பட்டவள். தோல் பையில் இருந்த தண்ணீர் தீர்ந்ததும் பிள்ளையை ஒரு செடிக்குக் கீழே விட்டுவிட்டு, அம்பு பாய்கிற தூரத்துக்கு விலகிப் போய் உட்கார்ந்தாள். பிள்ளை சாவதைப் பார்க்க மாட்டாமல் விலகினாள். பிள்ளையை விட்டு விலகிப் போக வேண்டும் என்று ஒரு நிமிஷம் நினைத்த தாய் யாராவது இங்கே இருந்தால், உங்களுக்கு முன்பே ஆகார் அந்தத் தூரத்தில் போய் உட்கார்ந்திருக்கிறாள் என்று தெரிந்துகொள்ளுங்கள். கடவுள் அவளைக் கெட்ட தாய் என்று சொல்லவில்லை. கிணற்றைக் காட்டினார்.

மாதாவைப் பற்றிச் சொல்லாமல் நம் தாய்மாருக்கு எந்தப் பேச்சும் முடியாது. நீல முக்காடு போட்டு, முகத்தில் ஒரு கோடுகூட இல்லாமல், பிள்ளையை ஏந்தி நிற்கிற சுரூபம்தான் நம் கண்ணுக்குள் இருக்கிறது. அந்த முகத்தைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்து நம் முகத்தைக் கண்ணாடியில் பார்த்தால் மனசு சுருங்கிப்போகும். அதனால் செப்டெம்பர் 15ஆம் திகதி வருகிற வியாகுல மாதா திருநாளை எனக்கு மிகவும் பிடிக்கும். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இரவோடு இரவாக எகிப்துக்கு ஓடியவள் அவள். மூன்று நாள் பிள்ளையைக் காணாமல் தேடினவள். தேடிக் கண்டதும், எங்களை ஏன் இப்படித் தவிக்கவிட்டாய் என்று மகனைக் கேட்டவள், இயேசுவையே கேட்டவள். கடைசியில் சிலுவைக்குக் கீழே நின்றாள். அங்கே அவளால் செய்யக்கூடியது ஒன்றுமே இருக்கவில்லை, நின்றாள். செபமாலை சொல்லும்போது நாம் இந்த மாதாவோடுதான் பேசுகிறோம்.

செபமாலை என்றதும் ஞாபகம் வருகிறது. எங்கள் அன்பியத்தில், அயல் வீடுகள் சேர்ந்து செபிக்கிற எங்கள் சிறு குழுவில், ஒரு தாய் இருந்தார். ஐந்து பிள்ளைகள், கணவன் படுக்கையில். செபமாலைக்குத் தவறாமல் வருவார். மூன்றாவது காரணிக்கம் வரும்போது சுவரில் சாய்ந்து தூங்கிவிடுவார். சிலருக்கு அது பிடிக்கவில்லை. ஒரு நாள் எங்களோடு வந்திருந்த வயதான கன்னியாஸ்திரி ஒருவர் தன் கம்பளிச் சால்வையை எடுத்து அவர்மேல் போர்த்திவிட்டு, எங்களைப் பார்த்துச் சத்தத்தைக் குறைக்கும்படி கையால் காட்டினார். மெதுவான குரலில் மிச்சத்தைச் சொல்லி முடித்தோம். குழந்தை இயேசுவின் தெரேசா 24 வயதில் இறந்த இளம் துறவி. செப நேரத்தில் தூங்கிவிடுவதைப் பற்றி அவரே எழுதியிருக்கிறார். பிள்ளை விழித்திருந்தாலும் தூங்கினாலும் பெற்றவர்களுக்கு அதன்மேல் அன்பு ஒன்றுதானே என்று அவர் ஆறுதல் அடைந்தார். கடவுளுக்கு முன்னால் நாம் எப்போதும் தாய்மாராகவே நிற்க வேண்டியதில்லை, பிள்ளைகளாகவும் இருக்கலாம். நாள் முழுக்க எல்லாரும் ‘அம்மா, அம்மா’ என்று கூப்பிடுகிற ஒருத்திக்கு, தானும் ‘அப்பா’ என்று கூப்பிட ஓர் இடம் இருப்பதுதான் கிறிஸ்தவ விசுவாசத்தில் நான் கண்ட பெரிய இளைப்பாறுதல்.

அந்த இடத்தில் எப்போதும் இனிப்பாக இருக்கும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். அன்னை தெரேசாவை எடுத்துக்கொள்ளுங்கள். 1946 செப்டெம்பரில் தார்ஜிலிங்குக்கு இரயிலில் போகும்போது ஏழைகளிடம் போகும்படி அவருக்கு அழைப்பு வந்தது. நம் மலைகளைப் போலவே தார்ஜிலிங்கும் தேயிலை மலைதான். அவர் இறந்து பத்து வருஷம் கழித்து, 2007இல், அவருடைய கடிதங்கள் புத்தகமாக வந்தன. வாழ்நாளின் பெரும் பகுதியில் கடவுள் பக்கத்தில் இருப்பதையே அவரால் உணர முடியவில்லை என்று அப்போதுதான் உலகத்துக்குத் தெரிந்தது. உள்ளே இருட்டோடுதான் அத்தனை பிள்ளைகளைத் தூக்கினார். சிலர் அதிர்ச்சியானார்கள். எனக்கோ அவர்மேல் அன்பு இன்னும் கூடியது. மனசுக்குள் ஒன்றுமே இல்லாதபோதும் பிள்ளைக்குப் பால் கரைத்துக் கொடுக்கிற கை, விசுவாசம் உள்ள கைதான்.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். சில களைப்புகள் வியாதிதான். பிள்ளை பெற்ற பிறகு வாரக்கணக்காக அழுகை நிற்காமல் இருப்பது, தூக்கம் முழுவதும் போய்விடுவது, தனக்கோ பிள்ளைக்கோ ஏதாவது செய்துவிடுவேனோ என்று பயப்படுவது, இவற்றுக்கு மருந்து இருக்கிறது. பேயோட்ட வேண்டாம், வைத்தியரிடம் போக வேண்டும். வீட்டுக்கு வருகிற குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லலாம். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்குத் தொலைபேசி எடுக்கலாம். காய்ச்சலுக்கு மாத்திரை எடுப்பது விசுவாசக் குறைவு என்று யாரும் சொல்வதில்லை. எலியாவுக்கு ரொட்டி அனுப்பின கடவுள் உங்களுக்கு மாத்திரை அனுப்பினால் வாங்கிக்கொள்ளுங்கள்.

அந்த ரொட்டியை யாராவது சுட வேண்டுமே! வானதூதர் வந்து சுடுவார் என்று காத்திருக்க முடியாது, அது சபையின் வேலை. பதுளை மறைமாவட்டம் 1972இல் உருவானபோது முதல் ஆயராக வந்த லியோ நாணயக்கார ஆண்டகை, பெரிய ஆலயங்களைவிட ஏழைகளின் நடுவில் வாழ்கிற சிறு சமூகங்களைத்தான் நம்பினார். அவர் வழியில் வந்த நாம் என்ன செய்கிறோம்? அன்பியக் கூட்டத்துக்கு யார் வரவில்லை என்று பெயர் குறிக்கிறோம். வராதவள் ஏன் வரவில்லை என்று போய்ப் பார்க்கிறோமா? போனால் கையில் ஒரு பார்சல் சோறு இருக்கிறதா? பிள்ளையை இரண்டு மணி நேரம் வாங்கி வைத்துக்கொள்ள ஆள் இருக்கிறதா? வெளிநாட்டில் இருக்கிற தாயின் பிள்ளைக்கு முதல் நற்கருணை வரும்போது உடுப்புத் தைத்துக் கொடுக்க, அதைப் படம் எடுத்து அவளுக்கு அனுப்ப நம்மில் ஒருத்தி இருக்கிறாளா?

ஆறுதல் சொல்லி வாயை அடைத்துவிடவும் கூடாது. 2023 மார்ச்சில் பூனாகலை கபரகலையில் மறுபடி மண் சரிந்தது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலோடு இந்தப் பதுளை மாவட்டத்தில் எத்தனையோ மலைகள் இறங்கின. மழை பெய்கிற ஒவ்வொரு ராத்திரியும் லயத்தில் ஒரு தாய் கூரையையும் மலையையும் மாறிமாறிப் பார்த்தபடி விழித்திருக்கிறாள். அவளுக்குச் செபமாலையும் வேண்டும், பாதுகாப்பான காணியில் சொந்தப் பெயரில் ஒரு வீடும் வேண்டும். முதலாவதைக் கொடுத்துவிட்டு இரண்டாவதைப் பற்றிப் பேசாத சபை இரிஸ்பாவைத் தாண்டிப் போகிற சபை. காணிக்காகவும் சம்பளத்துக்காகவும் நாம் போடுகிற கையெழுத்தும் களைத்த தாய்க்கு நாம் கொடுக்கிற ஆறுதலில் சேர்ந்ததுதான்.

ஆண்கள் சிலரும் பின்னால் நிற்கிறீர்கள், சந்தோஷம். இயேசு சமாரியாவில் யாக்கோபின் கிணற்றடியில் களைத்துப்போய் உட்கார்ந்து, ஒரு பெண்ணிடம் தண்ணீர் கேட்டார். படகில் தலையணை வைத்துத் தூங்கினார், புயல் அடிக்கும்போதும் தூங்கினார். களைப்பு அவருக்குத் தெரியும். தன் சீடர்களுக்கு ஏரிக்கரையில் கரிநெருப்பு மூட்டி, மீன் சுட்டு, ரொட்டியோடு காலைச் சாப்பாடு கொடுத்தவரும் அவர்தான், அதுவும் உயிர்த்தெழுந்த பிறகு. சமையல் ஆண்டவருக்குக் குறைவாகத் தெரியவில்லை. நீங்களும் வீட்டில் ஒரு நாள் காலை நான்கு மணிக்கு எழுந்து அடுப்பைப் பற்றவைத்துப் பாருங்கள், அண்ணன்மாரே.

பேச்சை இதோடு நிறுத்துகிறேன். அருட்தந்தை அவர்களிடம் முன்கூட்டியே கேட்டு ஒரு ஏற்பாடு செய்திருக்கிறோம். இன்றைய பகல் சாப்பாட்டை நம் சபை ஆண்களும் இளைஞர்களும் விடிய எழுந்து சமைத்திருக்கிறார்கள். சோறு, பருப்பு, கோழிக்கறி, கீரை இருக்கிறது. சின்னப் பிள்ளைகளைப் பக்கத்து அறையில் அருட்சகோதரிகள் பார்த்துக்கொள்வார்கள், அவர்களுக்கு ஊட்டியும் விடுவார்கள். மண்டபத்தின் பின்பக்கம் பாய் விரித்திருக்கிறது, மூன்று மணி வரைக்கும் படுக்க விரும்புகிறவர்கள் படுக்கலாம். பிற்பகல் தியானம் அதற்குப் பிறகுதான். தாய்மார் வரிசையில் நிற்க வேண்டாம், இருக்கிற இடத்துக்கே தட்டு வரும். சாப்பிட்ட தட்டை யாரும் கழுவ எழுந்திருக்கக் கூடாது.